கதவு சாத்திய அறை

ராஜபாளையத்தை ஒட்டிச் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். அங்கே நெய்வது சேலையும் இல்லை, வேட்டியும் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி, காஸ் துணி. என் தங்கச்சி அங்கேதான் காஸ் மடித்துக் கட்டுகிற வேலை பார்த்தாள். ஏழு மாத வயிற்றோடும் பார்த்தாள், நின்றுகொண்டே. பிரசவ வலி எடுத்து அவளைக் கொண்டுபோன அன்றைக்கு எங்களிடம் முதலில் நீட்டப்பட்டது ஒரு துண்டுச் சீட்டு: கையுறை, பஞ்சு, காஸ், வெளியில் வாங்கி வரவும்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு கட்டிடத்தின் கதையாகச் சுருங்கிப் போகும். இதை வாசிக்கிற தோழர்களில் பாதிப்பேர் வீட்டில் அக்காவோ மதினியோ இதே கதையை வேறொரு கட்டிடத்தின் பெயர் போட்டுச் சொல்லியிருப்பார்கள்.

சீட்டு போடுகிற இடத்தில் யாரும் சாதி கேட்கவில்லை. "எந்தத் தெரு?" என்றுதான் கேட்டார்கள். "காலனி" என்றது அம்மா. அதுவரை "வாங்க, உக்காருங்க" என்றிருந்தது அந்த நிமிசத்தில் "வா, அங்கிட்டுப் போய் நில்லு" ஆனது. தங்கச்சியை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். அம்மாவை விடவில்லை. வராண்டாவில் அம்மாவும் நானும். உள்ளே அவள் கத்துவது கேட்கிறது, பதிலும் கேட்கிறது: "புருசங்கூடப் படுக்கும்போது இனிச்சதா, இப்ப என்னத்துக்குக் கத்துற?" ஒரு அண்ணன் காதில் விழுகிற மாதிரி. அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஐந்து மணி நேரம் அவள் கையில் யாரும் ரத்த அழுத்தம் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னாள். அறுத்ததைத் தைத்தபோது மரப்பு ஊசி போடவில்லை. குழந்தையை எங்கள் கண்ணில் காட்டக் காசு வாங்கினார்கள். ஆம்பளப் பிள்ளைக்கு ஒரு விலை, பொம்பளப் பிள்ளைக்கு அதில் பாதி. ஆறு மாதம் கழித்து வயிற்றுவலி என்று இன்னொரு இடத்தில் காட்டியபோதுதான், உள்ளே காப்பர்-டி வைத்திருப்பது தெரியவந்தது. வைத்தவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்க ஆளுகளுக்கு வேற எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறது?" என்பது அங்கே போய்க் கேட்டதற்குக் கிடைத்த விளக்கம். நம் சனம் எத்தனை பெறலாம் என்பதைக்கூட நம்மைக் கேட்காமல் முடிவுசெய்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நினைவுக் குறிப்புகளில் ஒரு கடிதத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். 1929 டிசம்பர் 12-ம் தேதி 'யங் இந்தியா'வில் வந்த கடிதம். எழுதியவர் கத்தியவாரில் ஒரு கிராமத்துத் தலித் ஆசிரியர். மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு நாளில் உடம்புக்கு முடியாமல் போகிறது. டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, இரண்டு ரூபாய் ஃபீஸுக்கு ஜாமீனும் நின்ற பிறகு, சேரிக்கு வெளியே தூக்கி வந்தால் பார்ப்பதாக ஒத்துக்கொள்கிறார். பச்சைப் பிள்ளையோடு அவளை வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் புருசனிடம் கொடுக்க, புருசன் மனைவிக்கு வைக்கிறார். திரும்பியதும் அதே வழி. விளக்கு வெளிச்சத்தில் அளவைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லி மருந்து அனுப்புகிறார் டாக்டர். மறுபடி வந்து பார்க்கவில்லை. அவள் செத்துப்போகிறாள்.

தெர்மாமீட்டர் மூன்று கை மாறிப் போன அந்தக் காட்சி என் மண்டையை விட்டுப் போகவில்லை. என் தங்கச்சியை உள்ளே விட்டார்கள், தொட்டார்கள், அறுத்தார்கள், தைத்தார்கள். உடம்பைத் தொடுகிற கைக்கும் அவளுக்கும் நடுவே அந்த மூன்று கை தூரம் மட்டும் அப்படியே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் துளசிச் செடியடியில் கண்டெடுக்கப்பட்டாள் என்பார்கள். வலியில்லை, ரத்தமில்லை, கொடி அறுத்தவள் இல்லை. அப்படிப் பிறந்தால்தான் ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடும்போல. மற்றபடி பிள்ளை பெறுவது தீட்டு. அந்தத் தீட்டைக் கழுவுகிற வேலையை நாவிதர் வீட்டு மருத்துவச்சிக்கும் சேரிக் கிழவிக்கும் ஒதுக்கிவைத்தது இந்தச் சமூகம். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்க அப்பத்தா பெற்றது ஒன்பது, தங்கியது நாலு. இன்றைக்குப் பிரசவ வார்டுத் தரையில் கிடக்கிற ரத்தத்தைத் துடைப்பது யார் என்று பாருங்கள். ஒப்பந்தச் சம்பளத்துக்கு நம் தெருப் பெண்கள்தான். பிள்ளையைக் காட்டக் காசு கேட்டதும் அவர்களில் ஒருத்திதான். அவள்மேல் கோபப்பட்டு நின்றுவிட்டால் மேலே இருக்கிறவனுக்கு வசதி.

புள்ளிவிவரம் காட்டுவார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவ நிலையங்களில்தான் நடக்கிறது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் சாவு; இந்திய அளவில் 97. இது உண்மையான சாதனை. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வெயிலில் நடந்து சம்பாதித்தது. இதை மறுக்கிறவன் முட்டாள். ஆனால் அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வாசல் வரைக்கும் கொண்டுவந்து எண்ணிவிட்டோம், வந்தவள் உடம்பில் ரத்தம் இல்லை.

ரத்தம் இல்லாதவளுக்கு என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டமே உலகத்துக்குக் காட்டியது. 2018 டிசம்பர் 3, சாத்தூர் அரசு மருத்துவமனை. எட்டு மாதக் கர்ப்பிணி, ரத்தசோகை. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தத்தை ஏற்றினார்கள். அதில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த பையனுக்கு வயது 19. 2016-லும் கொடுத்திருக்கிறான், அப்போதே பரிசோதனையில் தெரிந்தும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதித்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவனேதான் ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் சொன்னான். பிறகு விஷம் குடித்தான். டிசம்பர் 30-ல் மதுரையில் இறந்துபோனான். அந்தத் தாய்க்கு 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. ஆய்வக நுட்பனர்கள்மேல் நடவடிக்கை வந்தது. அந்த மொத்தச் சங்கிலியிலும் பொறுப்போடு நடந்துகொண்ட ஒரே ஆள் அந்தப் பையன். அவன்தான் செத்தான்.

சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் ரத்தம் எங்கிருந்து ஊறும்? 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அம்பேத்கர். 1961-ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது, 2017-ல் 26 வாரமாக உயர்ந்தது. என் கிளையில் பக்கத்து நாற்காலியில் இருக்கிற அம்மாவுக்கு அந்த 26 வாரம் சம்பளத்தோடு கிடைத்தது. நல்லது. என் தங்கச்சிக்குக் கிடைத்தது, "பிள்ளையப் பெத்துட்டு வா தாயி, பாப்போம்" என்ற சொல்.

என் நாற்காலியைப் பற்றியும் சொல்லவேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும், மிச்சம் தவணை தவணையாகக் கணக்கில் ஏறும். பணம் வந்துவிட்டதா என்று கைப்பிள்ளையோடு என் கவுண்டருக்கு வருவார்கள். ஆதாரில் மாரியம்மாள், பாஸ்புக்கில் மாரியம்மா. ஒரு 'ள்' இல்லாததால் பணம் நிற்கும். சில கணக்கில் ஏறிய பணத்தைச் சுய உதவிக் குழுக் கடன் பாக்கி என்று பிடித்து வைத்திருப்போம். "நாளைக்கு வாங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன், எத்தனை தடவை என்று கணக்கில்லை. கர்ப்பத்தில் கீரையும் முட்டையும் வாங்கித் தின்னக் கொடுத்த பணம், பிள்ளை தவழும்போது வந்து சேர்கிறது. கவிதை எழுதுகிற கை என்று சொல்லி இதிலிருந்து நான் நழுவமுடியாது.

சாதியைச் சொல்லி வைதால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்று மாணவத் தோழர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. ஆனால் பொதுப் பார்வையில் படுகிற இடத்தில் வைதிருக்கவேண்டும் என்கிறது சட்டம். பிரசவ அறைக்குக் கதவு உண்டு, உள்ளே நமக்குச் சாட்சி இல்லை. அதனால்தான் பிரசவத் துணை என்கிற சின்ன விசயத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு பெண் உறவினர் கூட இருக்கலாம் என்பது 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த 'லக்‌ஷ்யா' திட்டத்திலேயே உள்ளது. நம் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. சேரிக்கு இரண்டு பேர், பெண் தோழர்களாக இருந்தால் நல்லது, கர்ப்பிணிகளின் தாய்சேய் நல அட்டையை மாதாமாதம் வாசித்துப் பார்க்கவேண்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்த அழுத்தம் நிஜமாகவே பார்த்து எழுதினார்களா, இல்லை போன மாத எண்ணையே இந்த மாதமும் எழுதியிருக்கிறார்களா என்று. நம் தாலுகாவில் எத்தனை தாய்மார் இறந்தார்கள், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கவேண்டும். கூட்டம் போட்டுப் பேசுவதைவிட இதற்குச் செருப்பு அதிகம் தேயும்.

தங்கச்சிக்கு இரண்டாவது பிரசவம் மார்கழியில். இந்தத் தடவை அம்மா உள்ளே போகும். அதற்கு மனு எழுதிக்கொண்டு போன வாரம் போனேன். வாங்கி மேசையில் வைத்தார் எழுத்தர். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேட்டேன். "அதெல்லாம் குடுக்கிறதில்ல சார்" என்றார். நானும் கிளார்க்தானே, எவ்வளவு நேரம் ஆனால் அந்த மேசை இறங்கி வரும் என்பது எனக்குத் தெரியும். அங்கேயே நின்றேன். நாற்பது நிமிசம் கழித்து நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். தேதி போடவில்லை. திருப்பிக் கொடுத்துத் தேதி போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.