வாய்க்கால் கரையும் ஞாயிற்றுக்கிழமையும்

கொஞ்சம் நீளமான பதிவு, டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி படம் போட்டிருந்தான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையரைப் பார்க்க பிரான்ஸ் போனவன், ஞாயிற்றுக்கிழமை வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு துலூஸ் நகரத்தில் இருந்து ஒரு கால்வாய்க் கரையோரமாகப் போயிருக்கிறான். இரண்டு பக்கமும் மரம், நடுவில் தண்ணீர், கண்ணுக்கு எட்டின வரை ஒரு லாரி கிடையாது. கீழே, "நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் வாய்ப்பே இல்லீங்க சார்" என்று எழுதியிருந்தான். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று கைதட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அவன் போனது கனால் து மிதி. துலூஸில் இருந்து மத்தியதரைக் கடல் வரைக்கும் 240 கிலோமீட்டர். ரிக்கே என்கிற உப்பு வரி வசூல்காரர் 1666-இல் ஆரம்பித்து வெட்டியது. 1681-இல் திறந்தார்கள், மனுசன் அதற்குச் சில மாதம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். சரக்குப் படகுகளைக் கரையில் இருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுத்துப் போகும். அந்தக் குதிரைத் தடத்தில்தான் இன்றைக்கு சைக்கிள் போகிறது. சைக்கிளுக்கென்று அங்கே யாரும் நிலம் எடுக்கவில்லை. முதல் ஐம்பது கிலோமீட்டர் வழவழப்பாக இருக்கும், அதைத் தாண்டினால் நெடுங்காலமாகப் பல இடத்தில் வெறும் மண்ணும் மர வேரும்தான். அப்படியும் உலகம் பூராவும் இருந்து ஆள் வருகிறது.

இப்போது நம் பக்கம் பாருங்கள். திருமூர்த்தி அணையில் புறப்படும் பி.ஏ.பி. பிரதான வாய்க்கால் உடுமலை, பொங்கலூர் வழியாக வெள்ளகோவில் பக்கம் வரை 124 கிலோமீட்டர் ஓடுகிறது. பவானிசாகரில் புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு மாவட்டத்தைத் தாண்டி நம் காங்கேயம் சீமையையும் தொட்டுக்கொண்டு, ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் ரிக்கேயின் கால்வாயை விட நீளம். இரண்டுக்கும் கரை இருக்கிறது, அதிகாரிகள் ஜீப்பில் போய்ப் பார்ப்பதற்கு அந்தக் கரையில் தடமும் இருக்கிறது. வாய்க்கால் மட்டத்தை ஒட்டியே போவதால் மேடு பள்ளம் கிடையாது, என் வயசுக்காரனும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். சில இடத்தில் சீமைக்கருவேலம் தடத்தை மூடிக் கிடக்கிறது, சில இடத்தில் கரை கரைந்து ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. அவ்வளவுதான் குறை.

தடத்தை விட்டு ஊர் ரோட்டில் இறங்கினால் இன்னும் விசேஷம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஊதியூர் மலையைச் சுற்றியுள்ள கிராமத்து ரோடுகளில் போயிருக்கிறீர்களா? கிளுவை வேலி போட்ட கொறங்காடு, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், நிழலில் படுத்திருக்கும் காங்கேயம் மாடு. மேய்ச்சலுக்கென்றே வேலி கட்டி, புல்லையும் மரத்தையும் சேர்த்து வளர்த்து, தலைமுறை தலைமுறையாகக் காத்த நிலம் அது. பிரெஞ்சுக்காரன் தன் திராட்சைத் தோட்டத்தைக் காட்டுவது போல நாம் கொறங்காட்டைக் காட்ட வேண்டும். காரில் எண்பதில் போனால் அது வெறும் காய்ந்த காடு. சைக்கிளில் போனால்தான் வேலிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அவ்வளவு தூரம் முடியாதவர்கள் சர்க்கார் பெரியபாளையம் வரைக்கும் மிதியுங்கள். நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. எத்தனை பேர் கரையில் நின்று பார்த்திருக்கிறீர்கள்? ரீல்ஸில் பார்த்தது கணக்கில் வராது.

"சார், அங்கே சைக்கிள் கலாசாரம் இருக்கு, நமக்கு அது இல்லை" என்பான் அடுத்தவன். அந்தக் கலாசாரம் எங்கிருந்து வந்தது? சேன்தெத்தியென் என்றொரு ஊர். நமக்கு பனியன் எப்படியோ அப்படி அந்த ஊருக்கு ரிப்பன். அங்கே பட்டு வியாபாரம் செய்த போல் து விவி என்பவர், வியாபாரத்தை விட்டுவிட்டு சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். 1887-இல் சைக்கிளுக்காகவே பத்திரிகை ஆரம்பித்து, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். பந்தயம் ஓட்டாதே, ஊரைப் பார், வீம்புக்கு மிதிக்காதே என்பதுதான் அவர் கட்சி. மலை ஏறுவதற்குக் கியர் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். தூர் து பிரான்ஸ் பந்தயத்தில் செயினை மாற்றுகிற கியரை 1937-இல்தான் அனுமதித்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 1930-இல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது டிராம் மோதி இறந்தார். ஞாயிறு காலை தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஊத்துக்குளி ரோட்டில் பறந்து, சராசரி வேகத்தை ஸ்டேட்டஸில் போடும் நம் முதலாளித் தம்பிகள் இவரைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படிக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், மிதிக்கிறீர்களே என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு பட்டு வியாபாரி மட்டும் ஒரு நாட்டையே சைக்கிளில் ஏற்றிவிட முடியாது. 1936-இல் பிரான்ஸ் பூராவும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஜூன் மாதம் பிளூம் அரசாங்கம் இரண்டு சட்டம் போட்டது. வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை. வருசத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு. அதுவரை லீவு என்றால் என்னவென்றே தெரியாத மில் தொழிலாளியும் அவர் வீட்டம்மாவும் இரட்டை சைக்கிளில் ஏறிக் கிராமம் பார்க்கக் கிளம்பினார்கள். சைக்கிள் அவர்களிடம் முன்னாலேயே இருந்தது. அந்த வருசம் புதுசாகக் கிடைத்தது லீவு.

இதைத்தான் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. திருப்பூரில் சைக்கிளுக்கா பஞ்சம்? காலை எட்டரைக்கு எந்த பனியன் கம்பெனி கேட்டிலும் நின்று பாருங்கள். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த பிள்ளைகள் பழைய சைக்கிளில்தான் வருகிறார்கள். பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைகளுக்கு வருசா வருசம் அரசாங்கமே இலவச சைக்கிள் கொடுக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். ஓட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், வண்டியும் இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிற டெய்லர் எந்த வாய்க்கால் கரைக்குப் போவார்? சீசன் நேரத்தில் ஷிப்மெண்ட் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்துக்கொள்கிறார்கள். 240 நாள் வேலை செய்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1948-ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களில் எத்தனை பேர் அதை வாங்கியிருப்பார்கள் என்று கம்பெனி வைத்திருக்கும் என் மாணவர்களே சொல்லட்டும்.

ஆகவே என் கட்சி இது. ஞாயிற்றுக்கிழமையைத் தொழிலாளிக்கு விடுங்கள். வாய்க்கால் கரையை சைக்கிளுக்கு விடுங்கள். முதலாவதைக் கம்பெனிக்காரர்கள் நாளைக்கே செய்யலாம், ஒரு மனுவும் வேண்டாம். இரண்டாவதுக்கு நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கும் கோடிகள் ஆகாது. தார் வேண்டாம், கான்கிரீட் வேண்டவே வேண்டாம். கீழ்பவானியில் கான்கிரீட் தளம் என்றதும் விவசாயிகள் இரண்டுபட்டு நின்றதைப் பார்த்தோம், அதில் நாம் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. முள்ளை வெட்டி மண்ணைச் சமப்படுத்தினால் போதும். பாலங்களில் ஜீப் போக வழிவிட்டு, டிப்பர் லாரி நுழையாதபடி ஒரு தடுப்பு. பிரிவுகளில் ஊர்ப் பேரும் தூரமும் எழுதிய கல். பிரான்சில் சைக்கிள் தடத்தில் இருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற விடுதிகள், வண்டியைப் பத்திரமாக நிறுத்த இடமும் பஞ்சர் சாமானும் வைத்திருந்தால் ஒரு முத்திரைப் பலகை கொடுக்கிறார்கள். நம் பேக்கரிக்காரருக்கு ஒரு காற்றடிக்கும் பம்பு வாங்கிக் கொடுத்தால் அதே வேலை நடந்துவிடும்.

கிளம்புகிறவர்களுக்குச் சில விசயம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கே இருந்து அடிக்கும். காற்றாலைக்காரருக்கு அது லாபம், உங்களுக்கு நஷ்டம். அந்த மாதங்களில் காங்கேயம் பக்கம் கிழக்கே பறந்து போய்விட்டுத் திரும்பும்போது அழாதீர்கள், முதலில் மேற்கே போங்கள். கார்த்திகையில் இருந்து மாசி வரைக்கும்தான் நல்ல காலம், ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். வேல முள்ளுக்கு ஒரு டியூப் கூட வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் போகும்போது பிள்ளைகளைக் குளிக்க இறக்காதீர்கள். பார்க்க அமைதியாக இருக்கும், இழுப்பு பலம், கரை சரிவில் பிடிமானம் கிடையாது.

பொங்கலூர், குண்டடம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் இருக்கும் கண்ணுகள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் ஊரை ஒட்டின வாய்க்கால் கரையில் எங்கிருந்து எங்கே வரை சைக்கிள் போகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள், முடிந்தால் படமும் போடுங்கள். தைப்பூசக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு எல்லாவற்றையும் ஒரு வரைபடமாக்கி மனுவோடு கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.