குவியலுக்குள் இருந்த ஈரம்

 

மாம்பழக் காலம் வந்துவிட்டால் எங்கள் சோளிங்கர் கடைத்தெருவே மஞ்சள் நிறமாகிவிடும். சென்ற பருவத்தில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளையொருவனின் தந்தை என்னிடம் வந்தார். தள்ளுவண்டியில் பழம் விற்பவர்.

"ஹஜ்ரத், மண்டியில் கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தைத்தான் தருகிறார்கள். நான் மட்டும் வேண்டாமென்றால் குடும்பம் என்னாவது? மாம்பழம் ஹலால்தானே?" என்று தயங்கியபடி கேட்டார்.

மாம்பழம் ஹலால்தான். ஆயினும் திருமறையின் அல்பகரா அத்தியாயம் 168ஆம் வசனத்தில், 'ஹலால்' என்பதுடன் 'தய்யிப்' என்பதையும் அல்லாஹ் சேர்த்தே கூறுகின்றான். உணவு ஆகுமானதாக இருப்பதோடு தூயதாகவும் இருத்தல் வேண்டும்.

கார்பைட் கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வெளிப்படும். பட்டறைகளில் இரும்பைப் பற்றவைக்க உதவும் வாயு இது. இதனால் தோல் மஞ்சளாகும். உள்ளேயோ காய் சரிவரக் கனிந்திராது. அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சங்களும் கலந்திருக்கக்கூடும். ஆகவேதான் பழைய உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் இதனைத் தடுத்தன. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் தடுக்கின்றன. அதற்கு மாற்றாக, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016இல் அனுமதி தரப்பட்டது. பறித்த பழம் அழுகாதிருக்கவும் பூசணக்கொல்லி மருந்து ஒன்றே வழியன்று. சுமார் 52 பாகை செல்சியஸ் வெந்நீரில் மாங்காயைச் சில நிமிடங்கள் அமிழ்த்தி எடுத்தாலே கரும்புள்ளி நோய் பெரிதும் குறையும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. அதனை மறைத்ததே குற்றம்.

இதனைக் கேட்ட அச்சகோதரர் நெடுநேரம் பேசவில்லை. இப்போது அவர் காய்களை வாங்கி வைக்கோலில் பழுக்கவைக்கிறார். வண்டியில் பாதியளவே பழம். அதிலும் சில புள்ளி விழுந்தவை. பளபளக்கும் பழம் தேடுவோர் அவரைக் கடந்து போய்விடுகின்றனர்.

தாய்மார்களே! அவரைப் போன்றோர் நேர்மையில் நிலைப்பது நம் கையிலும் இருக்கிறது. ஒரே சீராக மஞ்சளித்த பழத்தை நாம் விரும்பிக் கேட்கும்வரை கார்பைட் கல்லும் மண்டிக்கு வந்துகொண்டேதான் இருக்கும். புள்ளி விழுந்த பழத்தை வாங்குங்கள்; நன்கு கழுவிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

தூயதை உண்டு, தூயதையே விற்று வாழ வல்ல ரஹ்மான் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.