சுவர் உதிரும் முன் ஒரு படி

ஏடு செல்லரிக்கும் என்று தெரிந்தே நம் முன்னோர் படியெடுத்து வைத்தார்கள். உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சங்க நூல்களில் எதற்கும் புலவர் கைப்பட எழுதிய ஏடு கிடையாது. கிடைத்தவை எல்லாம் படியின் படிகளே. அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடவில்லை. எழுத்துக்குக் காட்டிய இந்த அக்கறையைச் சுவரோவியத்துக்கு மட்டும் ஏன் காட்ட மறுக்கிறோம்? ஸ்ரீரங்கம் வேணுகோபாலன் சன்னதியின் நாயக்கர் கால ஓவியங்கள் மங்கி வருகின்றன. 2015 குடமுழுக்கையொட்டி நடந்த திருப்பணி 2017-இல் யுனெஸ்கோ விருது பெற்றது, பெருமைதான். ஆனால் எவ்வளவு நல்ல திருப்பணியும் உதிர்ந்த நிறத்தைத் திருப்பித் தராது. கசியும் மழைநீரும் விளக்குப் புகையும் தொட்டுப் பார்க்கும் கைகளும் ஓய்வதில்லை. வேறு பல கோயில்களில் வெள்ளையடித்தே கதையை முடித்துவிட்டார்கள்.

ஓவியத்தையும் படியெடுத்துக் காக்கலாம் என்பதற்கு ஜப்பான் சான்று. அந்நாட்டில் 12ஆம் நூற்றாண்டில் அரண்மனையின் ஆண்டுச் சடங்குகளைச் சித்திரித்து நீண்ட ஓவியச் சுருள்கள் வரையப்பட்டன. மூலச் சுருள்கள் 17ஆம் நூற்றாண்டில் தீக்கிரையாயின. இன்று அந்தச் சடங்குகளை நாம் கண்ணால் பார்க்க முடிவது, அதற்கு முன்பே சுமியோஷி ஜோகெய் என்ற ஓவியர் ஒரு பகுதியைப் படியெடுத்திருந்ததால்தான். அங்கே படியெடுக்கும் முறை ஒன்று உண்டு: மூலத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, அதைச் சுருட்டித் தூக்கி அடியிலுள்ள கோட்டைப் பார்ப்பார்கள், அது கண்ணில் நிற்கும்போதே தாளை இறக்கி வரைவார்கள். ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே அழுந்தியது என்பதைக் கை கற்றுக்கொள்கிறது.

புகைப்படம் போதாதா என்பார்கள். புகைப்படம் கட்டாயம் வேண்டும். ஆனால் அது புகைக்கறையையும் கோட்டையும் ஒன்றாகவே பதிவு செய்யும். கறைக்கு அடியில் இருப்பது விரலா மலர்த்தண்டா என்று ஆராய்ந்து தீர்மானிப்பது ஓவியரின் வேலை. அவர் தவறாகத் தீர்மானிக்கலாமே என்பது நியாயமான அச்சம். அதற்குத்தான் புகைப்படமும் படியும் அருகருகே இருக்க வேண்டும். ஊகித்து வரைந்த இடத்தை வேறு நிறத்தில் காட்ட வேண்டும். சுவரின்மேலேயே புதுச் சாயம் பூசிப் 'புதுப்பிப்பது' திருத்தவே முடியாத தவறு; தாளில் நேரும் பிழையோ சுவரைத் தொடுவதில்லை. 12 ஆண்டுக் கணக்கில் அடுத்த குடமுழுக்கு 2027-இல் வர வேண்டும். சாரம் கட்டும் முன்பே கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி மாணவர்களை மூத்த ஓவியர்களோடு சன்னதியில் உட்கார வைத்து, முழு அளவில் படியெடுக்கச் சொல்லலாம். திருச்சியில் ராணி மங்கம்மாள் மண்டபத்து அருங்காட்சியகம் அந்தப் படிகளுக்கு இடம் தரட்டும்.