நிதானமே நெடுவழித் துணை



அரை மராத்தான் ஓட்டத்தின் தொலைவு 21 கிலோமீட்டருக்கும் சற்று மிகுதியாகும். இதனை ஓடத் துணிவோரில் பெரும்பாலோர் பரிசுக்குரிய வீரர்கள் அல்லர். கடை நடத்துவோரும், அலுவலகம் செல்வோரும், இல்லறம் பேணும் தாய்மார்களுமே ஆவர். இவர்கள் கரை சேர்வது கால்வலிமையினால் அன்று, பொறுமையினால்தான். இதனையே நாம் இங்கு வலியுறுத்த விரும்புகிறோம்.

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சிரைப்புக் குறைகிறது. இதயமும் நுரையீரலும் விரைவில் பழகிக்கொள்கின்றன. ஆனால், எலும்பும் தசைநாணும் உறுதி பெறப் பல மாதங்கள் வேண்டும். இங்கேதான் மனிதன் ஏமாந்து போகிறான். "மூச்சு வாங்கவில்லையே, இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் என்ன?" என்று ஆசை தூண்டுகிறது. விளைவு என்ன? முழங்கால் வலி, குதிகால் வலி, பின்னர் வாரக்கணக்கில் ஓய்வு! அவசரத்தால் ஈட்டியதை அவசரமே அழித்துவிடுகிறது.

சிறிதேயாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு உவப்பானது என்னும் பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். வணக்கத்திற்குரிய இந்நெறி உடற்பயிற்சிக்கும் எத்துணைப் பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்!

நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட வல்லவர் 12 வாரங்களில் இவ்வோட்டத்திற்குத் தம்மை ஆயத்தப்படுத்திக் கொள்ளலாம். வாரத்தில் நான்கு நாட்கள் போதும். மூன்று நாட்கள் குறுகிய ஓட்டம். ஒரு நாள் மட்டும் நெடிய ஓட்டம். அந்நெடிய ஓட்டத்தை 8 கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மிகாமல் கூட்டுங்கள். நான்காவது வாரந்தோறும் தொலைவைக் குறையுங்கள். 17 கிலோமீட்டரை எட்டிய பின், இறுதி வாரங்களில் பயிற்சியைத் தளர்த்துங்கள். வேகத்திற்கு அளவுகோல் எது? உடன் ஓடுபவரோடு தடையின்றிப் பேச முடிய வேண்டும், அதுவே அளவுகோல். புகழ்பெற்ற வீரர்களும் தம் பயிற்சியின் பெரும்பகுதியை மெதுவோட்டமாகவே அமைத்துக்கொள்கின்றனர். நாற்பது வயதைக் கடந்தோரும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையோரும் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும்.

சுபுஹுத் தொழுகைக்குப் பின் மீண்டும் படுக்கையை நாடாதீர்கள். வெயில் ஏறுமுன் உள்ள அந்நேரமே நம் நாட்டில் ஓட்டத்திற்கு உகந்தது.

ரமலான் மாதத்தில் என் செய்வது? நோன்பின்போது நெடிய ஓட்டம் வேண்டா. நீரின்றி வியர்வை சிந்துவது உடலைத் துன்புறுத்துவதாகும். நோன்பு துறந்து, உணவும் நீரும் உட்கொண்டு, சற்று இளைப்பாறிய பின் சிறிது ஓடினால் போதும். இலேசான ஓட்டத்தை விடாதிருப்பவர் ஒரு மாதத்தில் தம் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடுவதில்லை. வணக்கத்தில் அளவு கடந்து ஈடுபட்ட தம் தோழருக்கே, உடலுக்குரிய உரிமையை நினைவூட்டியவர்கள் நபிகளார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெண்களுக்கு ஓட்டம் எதற்கு என்று வினவுவோரும் உளர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபிகளாரே ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதன்முறை அன்னையாரும், பின்னொரு முறை நபிகளாரும் முந்தினார்கள் என்று அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். அவ்வாறிருக்க, நம் மனைவியரும் மகளிரும் கண்ணியமான உடையில், பாதுகாப்பான இடத்தில் ஓடுவதைத் தடுப்பது முறையாகுமா? அவர்கள் ஓடும் வேளையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது ஆடவர் கடமையன்றோ?

ஆகவே வாசகர்களே! பந்தய நாளில் நம்மை முந்திச் செல்வோர் ஆயிரவர் இருப்பர். அவர்களைப் பொருட்படுத்த வேண்டா. நேற்றைய நம்மைவிட இன்று ஓரடி முன்னேறினோமா என்பதே கேள்வி. உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைச் சிதைக்காமல், சோம்பலில் துருப்பிடிக்கவும் விடாமல் பேணும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!