கல்விச் சுற்றுலாவா? களியாட்டச் சுற்றுலாவா?

தமிழ்ப்பள்ளிகளில் கல்விச் சுற்றுலா என்றதும் நம் நினைவுக்கு வருவது யாது? நீர் விளையாட்டு மையம், பேரங்காடி, வழியில் ஒரு கோயில், இரவில் வீடு திரும்புதல். இதில் சுற்றுலா இருக்கிறது. கல்வி எங்கே இருக்கிறது?

கோலா கங்சாரிலிருந்து இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் லெங்கோங் பள்ளத்தாக்கு உள்ளது. 2012-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக மரபுடைமையாக அறிவித்தது. நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் வரலாற்றுக்கு முந்தைய காலத்தை நாம் கற்பிக்கிறோம். பாடநூலில் படமாகக் காட்டுவதை நேரில் காட்ட ஒரு பேருந்து போதும். ஆயினும் அந்தப் பேருந்து தெற்கே தம்பூன் நீர்ப் பூங்காவுக்கே ஓடுகிறது. அதே தம்பூனில், சுண்ணாம்புக் குன்றின் பாறையில் பழங்கால மனிதர் தீட்டிய செந்நிற ஓவியங்கள் 1959-இல் கண்டறியப்பட்டன. அவற்றையேனும் காட்டினோமா? அதுவும் இல்லை!

இதற்கு இரண்டு சாக்குகள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, "பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும்" என்பது. கோத்தா தம்பானில் கல்லாயுதம் செய்த பட்டறை ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. பட்டடைக்கல், சுத்தியற்கல், உடைந்த சில்லுகள் யாவும் கிடந்தது கிடந்தபடியே கிடைத்தன. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா எரிமலை வெடித்துச் சாம்பல் பொழிந்தபோது, அம்மக்கள் வேலையைப் பாதியில் விட்டு ஓடியிருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுகின்றனர். குனோங் ருந்து குகையில் கிடைத்த பேராக் மனிதன் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவன். பிறவியிலேயே இடக்கை குறைபாடுடையவன்; ஆயினும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்து, உணவும் கல்லாயுதங்களும் உடன்வைத்துச் சிறப்பாகப் புதைக்கப்பட்டவன். இக்கதையைக் கேட்டுச் சலிக்கும் பிள்ளை உண்டா? சலிப்பு பிள்ளைகளிடம் இல்லை; முன்னேற்பாடு இல்லாமல் அழைத்துச் செல்லும் நம்மிடம்தான் இருக்கிறது.

இரண்டாவது சாக்கு இன்னும் கவலைக்குரியது. பெற்றோர் கூட்டமொன்றில் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "அங்கே நம்மவர்க்கு என்ன சார் இருக்கிறது?"

நம்முடைய பெருமை இருந்தால்தான் வரலாறா? கடாரம் என்றால் நெஞ்சு நிமிர்த்துகிறோம். கீழடி என்றால் கைதட்டுகிறோம். நல்லதே. ஆனால், 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பழஞ்சண்டி ஒன்று இடிக்கப்பட்டபோது கொதித்தெழுந்த நம்முள் எத்தனை பேர், அதற்கு முன் நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம்? கைதட்டுவதோடு நின்றுவிடும் பெருமை ஒரு கல்லைக்கூடக் காப்பாற்றாது.

லெங்கோங்கில் கற்க வேண்டியது பெருமையன்று. சான்றை மதிக்கும் பழக்கம். உடைந்த கற்சில்லு ஒன்று மனித வாழ்வைப் பேசும் என்று அறிந்த பிள்ளை, பாட்டி வீட்டு மூலையில் கிடக்கும் பால்வெட்டுக் கத்தியையும் மங்கையும் குப்பை என்று வீசாது. இன்று பேராக்கின் பழைய தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் தரைமட்டமாயின. 74,000 ஆண்டுக்கு முந்தைய பட்டறைக்குச் சான்று இருக்கிறது; நம் தாத்தா வாழ்ந்த லயத்துக்குச் சான்று இருக்கிறதா? இதைக் கேட்கத் தெரிந்த தலைமுறை வேண்டுமல்லவா?

ஆகவே தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் என் வேண்டுகோள் இவை:

1. ஆண்டுக்கு ஒரு சுற்றுலாவேனும் வரலாற்றுக்கென ஒதுக்குங்கள்.

2. காட்சிக்கூடம் திறந்திருக்கும் நாளையும், குகைகளுக்கு வேண்டிய அனுமதியையும் முன்னரே கேட்டறியுங்கள்.

3. புறப்படுமுன் வகுப்பில் ஒரு பாடம் நடத்துங்கள். மாணவர் ஒவ்வொருவரும் ஐந்து கேள்விகளோடு வரட்டும்.

4. திரும்பும் வழியில் கோலா கங்சாரில் இறங்கி, 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரத்தைக் காட்டுங்கள். நம் முன்னோரை இம்மண்ணுக்குக் கொண்டுவந்த பயிரின் கதை அங்கிருந்தும் தொடங்குகிறது.

நீர்ச் சறுக்கில் விளையாடப் பெற்றோரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்லலாம். பள்ளிப் பேருந்தை மண்ணைப் படிக்க அனுப்புங்கள்!