கராஜிலிருந்து குசினிக்கு

போன யூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் வீட்டில் நாலைந்து குடும்பங்கள் கூடியிருந்தன. மெல்பேர்ணில் யூலை இரவு 7 பாகைக்கு இறங்கிவிடும். அன்று மழையும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது. நான் ஜின் போத்தலையும் ஒரு சின்ன அளவுக் கிண்ணத்தையும் எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஐஸ் எடுப்பதற்காகக் கராஜிலிருந்து உள்ளே வந்த ஓர் அண்ணை அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"தங்கச்சி, வீட்டுக்குள்ள, பிள்ளையளுக்கு முன்னால, இதென்ன புதுப் பழக்கம்?"

அப்படிக் கேட்டபோது அவருடைய கையில் விஸ்கிக் கிளாஸ் இருந்தது. அது அவருக்கு மூன்றாவது. அறையில் இருந்த ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. விருந்தாளி என்பதால் அன்று நான் மறுமொழி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கராஜைப் பற்றி இந்த இதழின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. டண்டினோங் பக்கமானாலும் சிட்னியின் பென்டில் ஹில் பக்கமானாலும் அது ஒரே கராஜ்தான். பாதி தூக்கிய உருளைக் கதவு, மடக்கு மேசை, மிக்சர், ஆட்டிறைச்சிப் பிரட்டல், நடுவில் போத்தல். குளிர்காலத்தில் ஒரு காஸ் ஹீற்றரும் வந்து சேரும். ஆண்கள் அங்கே நிற்பார்கள். பெண்கள் உள்ளே மாம்பழச் சாற்றோடு இருப்பார்கள். இரவு பதினொரு மணிக்குக் கணவர் உள்ளே வந்து, "நீர்தானே ஓட்டுவீர்?" என்று கார்த் திறப்பை நீட்டுவார். அது கேள்வியே இல்லை. இரத்தத்தில் அற்ககோல் 0.05 ஐத் தாண்டினால் வாகனம் ஓட்டக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதையும் எங்கள் சமூகம் மனைவிமாரிடம் கொடுத்திருக்கிறது. யாரும் அவர்களைக் கேட்டுக் கொடுக்கவில்லை.

உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் மாம்பழச் சாறுதான் குடிக்கிறார்கள் என்றும் நான் பொய் சொல்ல மாட்டேன். கோப்பிக் கோப்பைக்குள் வைன் ஊற்றிக் குடித்த பெண்களை எனக்குத் தெரியும். நானும் அதைப் பல வருடங்கள் செய்திருக்கிறேன். சுவைத்துக் குடிக்க முடியாது. யாராவது பக்கத்தில் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவசரமாகக் குடித்து அவசரமாகக் கழுவி வைக்க வேண்டும். எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கும் இருக்காது.

நான் சண்டை பிடிப்பது இந்த ஒளிப்போடுதான். குளிர்கால இரவில் வீட்டில் குடிப்பதென்றால் குசினியில், எல்லாரும் பார்க்க, அளந்து, சூடாகச் செய்து, மேசையில் இருந்து குடிக்க வேண்டும் என்கிறேன். அதற்கு ஜின்னை விடப் பொருத்தமான பானம் எங்களுக்கு இல்லை என்றும் சொல்கிறேன்.

முதலில் "எங்கட பண்பாடு" என்ற வாதத்தைப் பார்ப்போம். திருக்குறளின் 93ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை. வள்ளுவர் என் பக்கம் இல்லை. என் கோப்பையையும் அவர் வேண்டாம் என்றே தள்ளியிருப்பார். ஆனால் கராஜில் நிற்பவர்கள் அவரைத் துணைக்கு அழைக்க முடியாது. ஒளித்துக் குடிப்பவரைப் பார்த்து ஊர் எப்போதும் சிரிக்கும் என்று அதே அதிகாரத்தில்தான் அவர் சொல்கிறார். வள்ளுவருக்கு முந்திய சங்கப் பாடல்களுக்குப் போனால் அங்கே ஒளிப்பே இல்லை. புறநானூற்றின் 235ஆவது பாட்டில் அதியமான் இறந்த துயரத்தில் பாடும் ஒளவையார், அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தைத்தான் முதலில் நினைக்கிறார். எங்கள் மொழியின் மூத்த பெண் புலவர் ஒரு மன்னனோடு ஒன்றாக இருந்து குடித்ததை இரங்கற்பாட்டிலேயே வைத்திருக்கிறார். அதற்காக அவரை எவரும் புறநானூற்றிலிருந்து எடுத்துவிடவில்லை.

பெண்ணுக்கு மதுவை மறுக்கும் பழக்கத்துக்கு இலங்கையில் எழுத்திலேயே ஒரு வடிவம் இருக்கிறது. பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் மதுவரி அறிவித்தல் 1979இல் வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே, அந்த மாற்றத்தைத் திருப்பி எடுக்கும்படி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உத்தரவிட்டார். ஆண்களின் குடியால் அந்த நாட்டில் எத்தனை பெண்கள் அடி வாங்குகிறார்கள் என்பது ஊரில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அதைத் தொடாத கை, ஒரு பெண் தன் பணத்தில் ஒரு போத்தல் வாங்குவதைத் தடுக்க அவ்வளவு வேகமாக நீண்டது.

வெள்ளைக்காரர் இதில் மேல் என்றும் நான் சொல்லவில்லை. 1965 மார்ச்சில் பிரிஸ்பேனின் றெகாற்றா ஹோட்டலில் மேர்ல் தோர்ன்ரன், றோசலி பொக்னர் என்ற இரண்டு பெண்கள் தங்களைப் பாரின் கம்பியோடு சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். பொது மதுச்சாலையில் பெண்களுக்கு மது கொடுப்பதை அந்த மாநிலத்தின் சட்டம் அன்று தடுத்தது. நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டிலும் மேசையில் ஓர் இடம் பெறப் பெண்களுக்குச் சங்கிலி தேவைப்பட்டிருக்கிறது.

ஜின்னின் கதையே அப்படிப்பட்டதுதான். 1751இல் லண்டனில் வில்லியம் ஹோகார்த் இரண்டு சித்திரங்களைச் சேர்த்து வெளியிட்டார். பியர் குடிக்கும் தெருவில் எல்லாரும் கொழுத்து, உழைத்து, மகிழ்ச்சியாக இருப்பார்கள். ஜின் குடிக்கும் தெருவின் நடுவில் வெறியில் இருக்கும் ஒரு தாயின் கையிலிருந்து குழந்தை தவறி விழும். அந்நாளில் மலிவு ஜின் லண்டனின் ஏழைகளை அழித்தது உண்மை. ஆனால் அந்த அழிவுக்கு முகம் வேண்டியபோது ஒரு தாயின் முகம்தான் தெரிவு செய்யப்பட்டது. என் வீட்டுக்கு வந்த அண்ணைக்கு ஹோகார்த்தைத் தெரிந்திருக்காது. ஆனாலும் இரண்டு பேருடைய பார்வையும் ஒன்றுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எனக்குப் பிள்ளை பிறந்தபோது உடம்பு தேறட்டும் என்று சொல்லி என் அம்மாவே கரண்டியில் பிராண்டி ஊற்றித் தந்தா. அதை எந்த அண்ணையும் தடுக்கவில்லை. மருந்தென்றால் பெண் குடிக்கலாம். குடித்து மகிழ்ந்தால்தான் குற்றம். ஆகவே "குளிருக்கு மருந்து" என்ற பொய்யை நானும் சொல்லப் போவதில்லை. மது உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்து, சூடு போன்ற ஓர் உணர்வைத் தருகிறது. அதே நேரம் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போகிறது. சூடான ஜின்னை நான் குடிப்பது அது எனக்குப் பிடித்திருப்பதால். அதற்கு மேல் காரணம் எதுவும் தேவையில்லை.

ஏன் ஜின்? ஜூனிப்பர் காய்க்கு அடுத்தபடியாகப் பெரும்பாலான ஜின்களுக்கு மணம் தருவது மல்லி. எங்கள் கொத்தமல்லி விதையேதான். பொம்பே சஃபையர் போத்தலின் பத்துச் சரக்குகளில் மல்லி, அதிமதுரம், வால்மிளகு மூன்றும் உண்டு. இலங்கை ஜின் ஒன்றில் கறுவாவும் இஞ்சியும் கறிவேப்பிலையும் சேர்க்கிறார்கள். தடிமன் வந்தால் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துத் தரும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஜின் அந்நியமில்லை. இங்குள்ளவர்கள் குளிர்காலத்தில் குடிக்கும் 'ஹொட் டொடி'யின் பெயர்கூடப் பனையைக் குறிக்கும் வட இந்தியச் சொல்லிலிருந்து வந்ததுதான். பனங்கள்ளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் கடல் கடந்து போய்ச் சூடான மதுவுக்குப் பெயராகிவிட்டது.

என் பானையில் நடப்பது இவ்வளவுதான். நாலு பேருக்கு 800 மில்லி லீற்றர் தண்ணீர். இரண்டு மேசைக்கரண்டி மல்லியை மணம் வரும்வரை வறுத்து ஒன்றிரண்டாக இடித்துப் போடவேண்டும். பெருவிரல் அளவு வேர்க்கொம்பு தட்டியது, கறுவாப்பட்டை ஒரு துண்டு, ஏலக்காய் மூன்று, மிளகு ஐந்தாறு. பத்துப் பன்னிரண்டு நிமிடம் மெல்லிய நெருப்பில் கொதித்து 600 அளவுக்கு வற்றட்டும். அதில் 40 கிராம் பனங்கட்டியைக் கரைத்து, அடுப்பை நிறுத்தி, வடித்து வைக்கவேண்டும். தேசிப்புளியை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடக்கூடாது, கசக்கும். ஜின்னையும் கொதிக்க விடக்கூடாது. அற்ககோல் 78 பாகையில் கொதிக்கும். கொதிநீரில் ஊற்றினால் அந்த ஆவி மூக்கில் ஏறி இருமல் வரும், மணமும் போய்விடும். ஆகவே ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். அந்த நேரத்தில் கோப்பைகளில் சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்கி வையுங்கள். பிறகு ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு தேக்கரண்டி தேசிப்புளி, 30 மில்லி லீற்றர் ஜின், மேலே பானைத் தண்ணீர். விலை கூடிய ஜின் தேவையில்லை. சாதாரண லண்டன் ட்ரை வகையே போதும்.

இந்தச் செய்முறையில் முக்கியமானது ஒன்று உண்டு. பானைக்குள் ஜின் போவதில்லை. பானை எல்லாருக்கும் பொது. பிள்ளைகளுக்கும், குடிக்காதவர்களுக்கும், மருந்து எடுப்பவர்களுக்கும், அன்று கார் ஓட்டப்போகிறவர்களுக்கும் அதே மணத்தோடு அதே கோப்பை. ஜின் கோப்பை கோப்பையாக, கேட்டு, அளந்து போகிறது. யார் ஓட்டுவது என்பதும் அந்த மேசையிலேயே, ஊற்றுவதற்கு முன்னரே முடிவாகிறது. போன முறை என் கணவர்தான் ஓட்டினார்.

"குடியால் அழிந்த வீடுகள் உமக்குத் தெரியாதோ?" என்று கேட்பீர்கள். தெரியும். என் உறவிலேயே உண்டு. அவை எல்லாம் அளக்காத இடத்தில் தொடங்கி, ஒளித்த இடத்தில் வளர்ந்த அழிவுகள். 40 வீத ஜின்னில் 30 மில்லி லீற்றர் என்பது இந்த நாட்டுக் கணக்கில் கிட்டத்தட்ட ஓர் 'ஸ்ராண்டர்ட் ட்றிங்க்'. அதாவது சுமார் 10 கிராம் அற்ககோல். ஆரோக்கியமான ஒருவர் வாரத்துக்குப் பத்துக்கும், ஒரு நாளில் நாலுக்கும் மேல் போகக்கூடாது என்பது அவுஸ்திரேலியாவின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது. சூட்டிலும் இனிப்பிலும் மது தெரியாமல் இறங்கிவிடும் என்பதால் இந்தப் பானத்துக்கு அளவுக் கிண்ணம் இரட்டிப்புத் தேவை. நான் இரண்டோடு நிறுத்துவேன். கராஜில் 'இரண்டு விரல்' ஊற்றும் கிளாசில் எத்தனை மில்லி லீற்றர் இருக்கும் என்று அங்கே நிற்பவர்கள் ஒருநாள் அளந்து பார்க்கட்டும். குடிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாதவர் ஒருவர் வீட்டில் இருந்தால் போத்தலே வேண்டாம். பானை மட்டும் போதும். அதை நான் தயங்காமல் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு முன்னால் கூடாது என்பதுதான் அண்ணையின் கடைசிக் கவலை. பிள்ளைகளுக்குக் கராஜ் தெரியாதா? அப்பா போகும்போது ஒரு குரலிலும் வரும்போது இன்னொரு குரலிலும் பேசுவது அவர்களுக்குக் கேட்காதா? சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்மஸ் கதையில் பொப் கிராச்சிட் என்ற ஏழை எழுதுவினைஞர் ஜின்னையும் எலுமிச்சையையும் ஒரு சாடியில் கலந்து அடுப்பில் சூடாக வைக்கிறார். பிறகு குடும்பம் முழுதும் கணப்பைச் சுற்றி இருக்கிறது. அந்த வீட்டில் இருக்கும் கண்ணாடிப் பாத்திரங்கள் இரண்டு கிளாசும் கைபிடி இல்லாத ஒரு கோப்பையும்தான். அந்தக் கதையை இங்கே பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கக்கூடும். அதில் எவரும் எழுந்து கராஜுக்குப் போவதில்லை. அளவோடு குடிப்பதையும், வேண்டாம் என்று சொல்வதையும், வேண்டாம் என்றவரை ஒருவரும் வற்புறுத்தாமல் விடுவதையும் ஒரு பிள்ளை பார்த்துப் பழக வீட்டு மேசையை விட வேறு இடம் இருக்கிறதா?

அண்ணை, அடுத்த சனிக்கிழமையும் வாங்கோ. கராஜ் பூட்டியிருக்கும், பானை அடுப்பில் இருக்கும். உங்களுக்கும் 30 மில்லி லீற்றர்தான். அக்காவிடம் அவவுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கவேண்டாம், நானே கேட்பேன். திரும்பிப் போகும்போது யார் ஓட்டுவது என்பதை மட்டும் வரும்போதே இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டு வாங்கோ.