பாட்டை எழுதியவன் பெயர்

போன வாரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையனின் செல்போனில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ ஓடியது. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், என் வயதுக்காரர்தான், சலித்துக்கொண்டார். “இந்தப் பாட்டுக்குப் போய் என்ன சண்டை போட்டாங்க! நாட்டுப்புறப் பாட்டுக்கு ஏதுங்க சொந்தக்காரன்? ஊர்ச் சொத்து. அந்தப் பையன் பேருக்கு அலையறான்.”

அங்கே பதில் சொல்லவில்லை, டீ ஆறிக்கொண்டிருந்தது. இங்கே சொல்கிறேன்.

அந்தப் பையன் அறிவு. அரக்கோணத்துக்காரர், நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர். பாட்டு 2021 மார்ச்சில் வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவில் தொடங்கிய மாஜ்ஜா என்ற தளத்தின் முதல் வெளியீடு. எழுதிப் பாடியவர் அறிவு; கூடப் பாடியவர் தீ; இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். பாட்டின் கரு அறிவின் பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு வெறுங்கையோடு இந்தியா திரும்பிய குடும்பம். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே, அந்தக் காலத்துச் சேதி இது. மீதி 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அவர்கள் வளர்த்த தேயிலையைக்கூட யாரும் அப்படி எண்ணிப் பிரித்திருக்க மாட்டார்கள்.

பாட்டு உலகம் சுற்றியது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயின் படமும், கனடாவில் வாழும் ஷான் வின்சென்ட் டி பாலின் படமும் வந்தன. இருவரும் பாடிய பாட்டுகளுக்கு வரி எழுதிய அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் கேள்வி கேட்ட பிறகுதான் இணையத்துக்கென்று தனி அட்டை போட்டார்கள். 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதல்வரும் இருந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். எழுதியவர் மேடையில் இல்லை.

அப்போது அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். பாடிய இரண்டு பெண்கள் மேலும் எனக்கு வருத்தம் இல்லை, நன்றாகவே பாடினார்கள். மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அவர்களுக்குள் வழக்கு உண்டு. அதில் நான் நடுவர் இல்லை. ஆனால் ஊரில் இல்லாதவனின் படம் அட்டையில் வருவதற்கும், பெயர் மேடையில் ஒலிப்பதற்கும் விமான டிக்கெட் வேண்டுமா?

முப்பத்து நாலு வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். வரைவு எழுதுவது எழுத்தர், கையெழுத்து அதிகாரி. ஒருமுறை நான் பல இரவு உட்கார்ந்து எழுதிய ஒரு நீண்ட அறிக்கைக்காக மேலதிகாரி ஒருவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதன் நகலை கோப்பில் சேர்த்துத் தைத்ததும் நான்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை, அதனால் வாயைத் திறக்கவில்லை. பாட்டுக்காரனுக்கு அந்தச் சம்பளமாவது உண்டா? 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார்: மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசா கைக்கு வரவில்லை என்று. கோடிக் கணக்கில் கேட்ட பாட்டு!

நான் சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொன்ன ஒரு கதை. 1847இல் பாரீஸ் நகரத்தில் எர்னெஸ்ட் பூர்ஜே என்ற பாட்டாசிரியர் ஒரு கஃபேயில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதிய பாட்டையே அங்கே பாடிக்கொண்டிருந்தார்கள். பில் வந்தது. கொடுக்க மாட்டேன் என்றார். என் பாட்டுக்கு நீ பணம் தரவில்லை, உன் பானத்துக்கு நான் ஏன் தரவேண்டும்? வழக்கு நீதிமன்றம் போனது, ஜெயித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1851இல் தொடங்கிய, இன்றும் இருக்கும் சாசெம் என்ற பாட்டுக்காரர் சங்கம். அதே பாரீஸைச் சேர்ந்த டிஜே ஸ்னேக் இந்தப் பாட்டை மாற்றி அமைத்து வெளியிட்டபோது, நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகையில் அவர் படமும் தீயின் படமும் மின்னின. அறிவு அங்கேயும் இல்லை. வாத்தியார் இருந்திருந்தால் மேஜையைத் தட்டியிருப்பார்.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமையை விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை படைத்தவனை விட்டுப் போகாது.

ஆசிரியரின் ‘ஊர்ச் சொத்து’ வாதத்துக்கு வருகிறேன். நாற்று நடுகிறவள் பாடியதும், சாவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைத்தவள் கட்டியதும் ஊர்ச் சொத்து. சபாவில் பாடும் கீர்த்தனைக்கு மட்டும் கடைசிச் சரணத்தில் இயற்றியவர் முத்திரை இருக்கும். ஏனய்யா இந்த வித்தியாசம்? அவளுக்குப் பெயர் இல்லாமல் போகவில்லை. யாரும் கேட்டு எழுதவில்லை, அவ்வளவுதான். கொல்லங்குடி கருப்பாயியின் பெயர் நமக்குத் தெரிகிறதென்றால், வானொலியும் 1985இல் ‘ஆண்பாவம்’ படமும் அதைச் சொன்னதால்தான்.

எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் பெருமை பேசுகிறோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவிலும் உத்திரமேரூர் பெயர் வந்தது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலை. ஆனால் குடத்தில் பெயர் போட என்ன தகுதி? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும் (வேதம் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும்), சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். எனக்கே வயது தாண்டிவிட்டது, அது போகட்டும். நிலமில்லாதவன் பெயர் ஓலையிலேயே ஏறாது. அறிவின் பாட்டு நிலமில்லாதவளின் பாட்டு. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து அவள் பேரன் எழுதியதற்கும் பெயர் ஏறவில்லை என்றால் எனக்குக் கோபம் வராதா?

இன்னொன்று. அதே கல்வெட்டின் முடிவில், சபை சொல்ல இதை எழுதினேன் என்று எழுதியவன் தன் பெயரைப் பொறித்திருக்கிறான்: மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன். என்னைப் போல ஒரு குமாஸ்தா. ராஜாவும் சபையும் அதைச் செதுக்கி எடுக்கச் சொல்லவில்லை.

ஆசிரியர் நண்பரை வரும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அழைத்திருக்கிறேன். அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். டீக்காசு அவர் தருவதாக ஏற்பாடு.